பண்டாரவளைப் பைனஸ் விதையில் நுவரெலியாக் கலப்பு இருக்குமா?

வாசகர் கேள்வி: எங்கள் தோட்டத்துக்குக் கீழே கரிபியா பைனஸ் காடு இருக்கிறது. மேலே நுவரெலியாப் பக்கம் பட்டுலா பைனஸ் நிற்கிறது. கீழ்க்காட்டு விதையை எடுத்துச் சிறிய தவறணை போட்டால் கன்றுகள் கலப்பாகிவிடுமா? எத்தனை மரத்தில் எடுப்பது?

கலப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் தவறணையைக் கெடுக்கக்கூடியவை வேறு இரண்டு: உள்ளே பருப்பில்லாத பொக்கு விதையும், ஒரே மரத்து விதையும்.

பைனஸ் மகரந்தமணிக்கு இரு பக்கமும் காற்றுப்பை உண்டு. பத்துக் கணக்கான கிலோமீற்றர் பறக்கும். ஆகவே தூரம் பெரிய தடையல்ல. பெரிய தடை பூக்கும் காலம். பெண் கூம்பின் செதில்கள் மகரந்தம் ஏற்கத் திறந்திருப்பது ஒன்றிரண்டு கிழமைகள்தான். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். பண்டாரவளை 1,230 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். வித்தியாசம் 4 பாகை. அந்த அளவு குளிரே பூக்கும் நாட்களைத் தள்ளிப்போடப் போதும்.

இன்னொரு தடையை நம் மலையே போட்டிருக்கிறது. கச்சான் காற்று நுவரெலியாப் பக்கமிருந்து பண்டாரவளை இருக்கும் ஊவாவுக்கு வீசும் ஆனி, ஆடியில் ஊவா காய்ந்து கிடக்கும், ஆனால் மேலே மழையும் மூடுபனியும். மார்கழியில் வாடை எதிர்த்திசையில் வீசும். அப்போது நனைவது ஊவா. காற்று கிளம்பும் பக்கத்தில்தான் மழை. நனைந்த மகரந்தம் பறக்காது, மண்ணில்தான் விழும்.

உறவும் பார்க்கவேண்டும். பட்டுலாவுக்கு நெருங்கியவை கிரெகியை, தெக்குனுமானி போன்ற பைனஸ் இனங்கள், கரிபியாவுக்கு எலியொட்டி. பட்டுலாவும் கரிபியாவும் அவ்வளவு நெருங்கியவை அல்ல. கரிபியா, எலியொட்டி கலப்பினத்தை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பெரிய அளவில் நடுகிறார்கள். மத்திய அமெரிக்காவில் தாழ்நிலக் கரிபியாவும் மேட்டுநில ஊகார்பா பைனஸும் சந்திக்கும் இடங்களில் இயற்கையாகவே கலப்பு மரங்கள் நிற்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்புரூஸ் என்ற இன்னொரு ஊசியிலை மரத்திலும் இதே கதைதான்: கடலோரத்தில் சிட்கா ஸ்புரூஸ், குளிர்ந்த உயரத்தில் எங்கல்மான், உட்பகுதித் தாழ்நிலத்தில் வெள்ளை ஸ்புரூஸ், இடைப்பட்ட காலநிலையில் இவற்றின் கலப்புகள். இயற்கையாகக் கலந்த இவையெல்லாம் அந்தந்த மண்ணில் நெடுங்காலம் அக்கம்பக்கமாக வளர்ந்த இனங்கள். இலங்கைக்குச் சொந்தமான ஊசியிலை மரம் ஒன்றுகூட இல்லை. நாம் பார்ப்பதெல்லாம் நட்டவை. எனவே பைனஸ் மகரந்தம் உள்ளூர்க் காட்டுமரம் எதையும் கலப்பாக்காது.

இனி விதை. அரச காடு என்றால் முதலில் வன அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். பாதையோரத்தில் தனியாக நிற்கும் மரம் ஏறுவதற்கு எளிது, ஆனால் அதைத் தொடவேண்டாம். அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் தன் மகரந்தமே. தற்சேர்க்கையில் பல கருக்கள் செத்து விதை பொக்காகும், முளைப்பவையும் நலிந்து வரும். காட்டின் நடுவில், ஒன்றுக்கொன்று 50 முதல் 100 மீற்றர் இடைவெளியில் நிற்கும் 25 மரங்களாவது தேடுங்கள். நேரான தண்டு, மெல்லிய கிளை பாருங்கள். கிளையே இல்லாமல் நரிவால் போல நீண்ட மரத்தை விடுங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு எடுங்கள். ஒரு மரத்தில் சாக்கு நிறைய எடுத்தால் 25 மரம் தேடியது வீண்.

மகரந்தம் பட்டுக் கூம்பு முற்ற ஏறக்குறைய 18 மாதம் ஆகும். ஒரே கிளையில் இளங்கூம்பும் முற்றியதும் இருக்கும். பச்சை மாறிப் பழுப்பேறி, செதில் விரியாமல் இருப்பதையே பறிக்கவேண்டும். முன்பே பறித்தால் உள்ளே இருப்பது பால்விதை. விரிந்தபின் போனால் வெறுங்கூம்பு.

சில நாள் நிழலிலும் பிறகு வெயிலிலும் உலர்த்தி, உதறி, இறக்கையைத் தேய்த்து எடுங்கள். மரவாரியாக 20 விதை எடுத்து பிளேடால் வெட்டிப் பாருங்கள்; வெள்ளைப் பருப்பு நிறைந்தது 10க்கும் குறைவென்றால் அந்த மரத்தின் விதையை ஒதுக்குங்கள். மிச்சத்தைக் காற்றுப்புகாத போத்தலில் போட்டு குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

ஆற்றுமணலில் அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் தூவினால் போதும். இரண்டு, மூன்று கிழமையில் முளைக்கும். தண்ணீர் அதிகமானால் தண்டு அடியில் அழுகிச் சாயும், ஆகவே காலையில் மட்டும் ஊற்றுங்கள். பைக்கு மாற்றும்போது பழைய பைனஸ் மரத்தடி மேல்மண் பத்தில் ஒரு பங்கு கலப்பது கட்டாயம். பைனஸ் வேருக்கு வேண்டிய பூஞ்சணம் அதில்தான் இருக்கிறது; அது இல்லாவிட்டால் எவ்வளவு உரம் போட்டாலும் கன்று மஞ்சளாகி விரல் நீளத்திலேயே நின்றுவிடும்.