விடுதி உணவுக் கட்டணம் ஏன் மாறுகிறது?

கேள்வி: சிறிய கல்லூரி ஒன்றின் விடுதியில் என் மகள் தங்கிப் படிக்கிறாள். உணவுக் கட்டணம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. இது முறைதானா?
– வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: தங்கள் கவலை நியாயமானது, ஆனால் கட்டணம் மாறுவதாலேயே முறைகேடு நடக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. நம் கல்லூரி விடுதிகள் பலவற்றில் ‘டிவைடிங் சிஸ்டம்’தான் வழக்கத்தில் உள்ளது. அரிசி, மளிகை, காய்கறி, எரிவாயு, சமையலர் ஊதியம் என அந்த மாதம் ஆன மொத்தச் செலவை, மாணவியர் அனைவரும் உணவருந்திய நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்து ஒரு நாள் கட்டணத்தைக் கண்டு, அவரவர் உணவருந்திய நாட்களால் அதைப் பெருக்குவார்கள். பொங்கல் விடுமுறைக்குப் பாதிப்பேர் ஊருக்குப் போனாலும் சமையலர் ஊதியம் குறையாது என்பதால், அந்த மாதம் நாள் கட்டணம் ஏறும்; ஆட்கள் குறைந்த விடுதியில் இந்தச் சுமை தலைக்குக் கூடுதலாகவே விழும்.

ஊருக்கு வரும் நாட்களுக்குக் கழிவு பெற, முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டுமா, தொடர்ந்து எத்தனை நாட்கள் வராதிருக்க வேண்டும் என்பதைக் காப்பாளரிடம் கேட்டறியுங்கள். மாணவியர் உணவுக் குழு இருந்தால், தங்கள் மகள் தயங்காமல் அதில் சேரட்டும். வந்திறங்கும் மூட்டைகளை எண்ணி, இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திடும் பொறுப்பு மாணவியர் கையில் இருக்கும் விடுதிகளில் கணக்கு குறித்த ஐயம் பெரிதும் குறைகிறது. மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படவில்லை என்றால், அதை எழுத்து மூலம் கேளுங்கள்.