ஐ.எஸ்.பி.என். வாங்க முகவர் எதற்கு?

களுதாவளை வாசகி ஒருவரின் கேள்வி: "காலஞ்சென்ற என் தந்தையாரின் கவிதைகளையும் அவர் எழுதிய வடமோடிக் கூத்துப் பாடல்களையும் தொகுத்து 300 பிரதிகள் அச்சிட இருக்கிறோம். 1968இல் அவர் அச்சிட்ட சிறு நூலொன்றும் இத்தொகுப்பில் சேர்கிறது. ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான சர்வதேச நியம இலக்கம்) எடுத்து, பதிப்புரிமையைப் பதிவு செய்து, தேசிய நூலகத்திலும் நூலைச் சேர்ப்பித்துத் தருவதாக மட்டக்களப்பு நகரில் ஒரு முகவர் முற்பணம் பெற்றுக்கொண்டு, ஓர் இலக்கத்தையும் எழுதித் தந்திருக்கிறார். மிகுதிப் பணத்தைக் கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம். அவர் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கும் மூன்றில் முதலாவது நீங்களே செய்துகொள்ளக்கூடியது. இரண்டாவது இந்நாட்டில் இல்லாதது. மூன்றாவது உங்கள் நூலை அச்சிடும் அச்சகத்தார் சட்டப்படி செய்தே ஆகவேண்டிய கடமை.

முதலில் அவர் தந்த இலக்கத்தைப் பார்ப்போம். ஐ.எஸ்.பி.என். 13 இலக்கங்கள் கொண்டது. இலங்கை நூல்களுக்கு 978க்குப் பின் 955 அல்லது 624 வரும். இடமிருந்து வலமாக முதல் இலக்கத்தை ஒன்றாலும் இரண்டாவதை மூன்றாலும் அடுத்ததை மீண்டும் ஒன்றாலும் என மாறி மாறிப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால், வரும் தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். 978955 என்று தொடங்கும் எந்த நூலுக்கும் முதல் ஆறு இலக்கங்களின் கணக்கு 9, 21, 8, 27, 5, 15 என்று வந்து 85 ஆகும்; அதன்மேல் எஞ்சிய ஏழையும் சேர்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இருந்த இலக்கத்தை இப்படிக் கூட்டிப் பார்த்தேன், 127 வந்தது. ஆகவே ஒன்றில் அவர் எழுதும்போது பிழை விட்டிருக்கிறார், அல்லது அப்படியோர் இலக்கமே கிடையாது. கணக்குச் சரியாக வந்துவிட்டால் நம்பிவிடலாம் என்றும் எண்ணிவிடாதீர்கள். வேறொருவருடைய நூலுக்குரிய இலக்கத்தை எடுத்து ஒட்டினாலும் கணக்குச் சரியாகத்தான் வரும். இலக்கம் யாருக்கு வழங்கப்பட்டது என்பதை வழங்கிய இடத்தில் கேட்டுத்தான் உறுதிப்படுத்தலாம். அந்த இடம் கொழும்பு 7இல் தேசிய நூலகத்தை நடத்தும் தேசிய நூலக ஆவணமாக்கல் சேவைகள் சபை.

போலி இலக்கத்தைவிட எனக்கு அதிகம் கவலை தருவது, முகவர் உண்மையான இலக்கத்தையே கொடுத்துவிடுவது. இலக்கத்தின் நடுப்பகுதி வெளியீட்டாளரைக் குறிக்கிறது. சில முகவர்கள் தம்மை வெளியீட்டாளராகப் பதிந்து, இலக்கங்களைத் தொகுதியாகப் பெற்று வைத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று ஒவ்வொன்றாக விற்கிறார்கள். அந்த இலக்கம் உங்கள் நூலில் ஏறியதும், அச்சுக்குப் பணம் கொடுத்தவர் நீங்களாக இருந்தாலும், பதிவில் வெளியீட்டாளர் அவரே. எங்கள் பகுதியில் மதிக்கப்பட்ட ஒரு புலவரின் நூலைப் பட்டியலில் தேடியபோது, வெளியீட்டாளர் என்ற இடத்தில் ஒரு போட்டோப்பிரதிக் கடையின் பெயர் இருந்ததை நான் என் கண்ணால் கண்டேன். அவருடைய பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. உங்கள் பெயரிலோ, குடும்பத்தின் பெயரிலோ, நீங்கள் வைத்துக்கொள்ளும் ஒரு வெளியீட்டகப் பெயரிலோ விண்ணப்பித்தால் இந்தச் சிக்கல் எழாது.

விண்ணப்பத்துக்கு நூலின் தலைப்பு, ஆசிரியர், வெளியீட்டாளர், பக்க எண்ணிக்கை முதலிய விபரங்களும் தலைப்புப் பக்கத்தின் பிரதியும் போதும்; சபை அறிவித்துள்ள கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டுத் தருவார்கள். இதற்காக உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. இருந்தும் மக்கள் ஏன் முகவரைத் தேடுகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஓர் அரச அலுவலகத்துக்கு நான் தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தது; அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடியே ஒரு கிழமை போயிற்று. பிரதேச செயலகந்தோறும் கலாசாரப் பிரிவு இருக்கிறது, ஊர்தோறும் பொது நூலகம் இருக்கிறது. இந்த ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஒருவரை அங்கே அமர்த்த எத்தனை ஆண்டுகள் வேண்டும்? ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் என்று பதாகை கட்டுகிறோம். அந்த மாதத்தில்தான் முகவர்களுக்கும் வியாபாரம் சூடு பிடிக்கிறது.

பதிப்புரிமைப் பதிவு என்பது வெறும் புளுகு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி நூல் எழுதப்பட்டபோதே உரிமை பிறந்துவிடுகிறது; ஆசிரியரின் ஆயுட்காலத்துக்கும் அவர் மறைந்து 70 ஆண்டுகளுக்கும் அது நிலைக்கும். முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்றை எவராவது நீட்டினால் அது அவருடைய கணினியில் அச்சான தாள். ஐ.எஸ்.பி.என். இருப்பதால் உரிமை கூடுவதும் இல்லை, இல்லாததால் குறைவதும் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: தந்தையாரின் உரிமை இப்போது தாயாருக்கும் உங்கள் உடன்பிறந்தோருக்கும் சேர்த்தே உரியது. அவர்களுடைய சம்மதத்தை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கி வையுங்கள். நூல் விற்கத் தொடங்கிய பிறகு கேட்டால் கதை வேறாகிவிடும்.

1968ஆம் ஆண்டு நூலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஐ.எஸ்.பி.என். 1970இல்தான் சர்வதேச நியமமாயிற்று; எனவே அந்தச் சிறு நூலுக்கு இலக்கம் இல்லாதிருப்பது குறையன்று, பழைய நூலுக்கென்று பின்தேதியிட்டு இலக்கம் எடுக்கவும் தேவையில்லை. அது புதிய தொகுப்பின் ஒரு பகுதியாக வருவதால் முழுத் தொகுப்புக்கும் ஒரே இலக்கம் போதும். அதையே தனி நூலாகவும் மீண்டும் அச்சிடுவீர்களானால் அந்தப் பதிப்புக்குத் தனி இலக்கம் வேண்டும். தொகுப்பு விற்றுத் தீர்ந்து, ஓரெழுத்தும் மாற்றாமல் இன்னும் 200 பிரதிகள் அடித்தால் பழைய இலக்கமே நிற்கும். புதிய பாடல்களைச் சேர்த்தோ திருத்தியோ இரண்டாம் பதிப்பு என்று போட்டால் புதிய இலக்கம். கெட்டி அட்டையிலும் மெல்லிய அட்டையிலும் ஒரே நேரத்தில் வெளியிட்டால் இரண்டு இலக்கங்கள், மின்னூலுக்கு இன்னொன்று. விலையை மாற்றுவதற்கோ அட்டைப்பட நிறத்தை மாற்றுவதற்கோ இலக்கம் மாற்றச் சொல்பவர் உங்கள் பணத்துக்கு வழி பார்க்கிறார்.

இனி தேசிய நூலகம். ஐ.எஸ்.பி.என். எடுத்தவுடன் நூல் அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று பெரும்பாலானோர் எண்ணியிருக்கிறார்கள். இலக்கம் ஒரு வழி, பிரதி இன்னொரு வழி. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர் வெளியிடுவோர் கட்டளைச் சட்டப்படி அச்சகத்தார் ஐந்து பிரதிகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு ஒப்படைக்க வேண்டும். அங்கிருந்துதான் தேசிய நூலகம், கொழும்பு நூதனசாலை நூலகம், பேராதனைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்குப் பிரதிகள் பிரிந்து செல்கின்றன. நூலுக்கு ஐ.எஸ்.பி.என். இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் வற்புறுத்தவில்லை, அதற்குப் பணம் கொடுக்க வரிசையில் நிற்கிறோம். சட்டம் வற்புறுத்தும் ஐந்து பிரதிகளை எங்கள் பக்கத்தில் அச்சகத்தாரும் நினைப்பதில்லை, ஆசிரியரும் கேட்பதில்லை. இலக்கம் தரும் சபை, பிரதி பெறும் சுவடிகள் திணைக்களம் ஆகிய இரண்டும் கொழும்பு 7இலேயே இருந்தும், ஒன்றில் இலக்கம் பெற்ற நூல் மற்றதற்கு வந்து சேர்ந்ததா என்று தேடிக் கேட்பாரைக் காணோம்.

வெளியீட்டு விழாவில் நடப்பது உங்களுக்கும் தெரியும். முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பொன்னாடை போர்த்தியோருக்கு ஒவ்வொன்று, மேடையில் இருந்தோருக்கு ஒவ்வொன்று. எஞ்சிய கட்டு வீட்டுப் பரணுக்குப் போகிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரையோடு போனவையும், 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவையும் அப்படிப் பரணில் இருந்த கட்டுகளே. சட்டப்படி ஐந்து பிரதிகள் ஒப்படைக்கப்பட்டிருந்தால் பேரப்பிள்ளை போய்ப் பிரதி எடுத்து வந்திருப்பான்.

ஆகவே அச்சகத்தில் விலை பேசும்போதே, 300க்குப் பதிலாக 310 அடிக்கச் சொல்லி, ஐந்து பிரதிகளை அவர்கள் பதிவுத் தபாலில் சுவடிகள் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும், தபால் பற்றுச்சீட்டைக் காட்டிய பின்னரே கடைசித் தவணை என்றும் எழுதிக்கொள்ளுங்கள். மேலதிக ஐந்தில் ஒன்று மட்டக்களப்புப் பொது நூலகத்துக்கு, ஒன்று உங்கள் ஊர் நூலகத்துக்கு. முகவரிடம் கொடுத்த முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையெனில், சபையின் பெயரில் வழங்கப்பட்ட பற்றுச்சீட்டைக் காட்டும்படி நாளைக்கே கேளுங்கள். அட்டை அச்சுக்குப் போகும் முன்னர் அந்த இலக்கத்தை அதிலிருந்து எடுத்துவிடச் சொல்லவும் மறவாதீர்கள்.