கிளவுட் தளத்தில் எச்டிடிபி/3 சோதனை

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் செய்யும் எங்கள் குடும்பத் தொழிலுக்கு, வடிவங்களைப் பார்த்து ஆர்டர் கொடுப்பதற்கான இணையச் செயலி ஒன்றை கிளவுடில் வைத்திருக்கிறோம். வரும் கோரிக்கைகளை முதலில் வாங்கிச் செயலிக்கு அனுப்பும் லோட் பேலன்சரில், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி நெறிமுறையின் புதிய பதிப்பான எச்டிடிபி/3 வசதியை இயக்கிய பிறகும், செயலியின் லாக்கில் (பதிவேட்டில்) எல்லாக் கோரிக்கைகளும் எச்டிடிபி/1.1 என்றே பதிவாகின்றன. புதிய நெறிமுறை வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?
– வாசகர், காரைக்குடி

பதில்: செயலியின் லாக்கை வைத்து இதை முடிவு செய்ய இயலாது. வாடிக்கையாளரின் பிரவுசரிலிருந்து வரும் இணைப்பு லோட் பேலன்சரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து செயலிக்குத் தனியாக வேறோர் இணைப்பு செல்கிறது, அது பெரும்பாலும் 1.1 ஆகவே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது லோட் பேலன்சரின் லாக்கை.

2022 ஜூன் மாதம் ஆர்எஃப்சி 9114 என்ற இணையத் தர ஆவணமாக வெளியான எச்டிடிபி/3, தரவைக் கொண்டுசெல்லப் பழைய பதிப்புகள் பயன்படுத்தும் டிசிபி முறையை விடுத்து, யுடிபி என்ற வேறொரு முறையின் மேல் இயங்கும் குவிக் நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. ஆகவே ஃபயர்வாலில் (இணைப்புகளை வடிகட்டும் பாதுகாப்பு அரணில்) 443ஆம் போர்ட் என்ற வாயில் யுடிபிக்கும் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிசிபிக்கு மட்டும் திறந்திருந்தாலும் பிரவுசர் சத்தமின்றி எச்டிடிபி/2க்குத் திரும்பித் தளத்தைக் காட்டிவிடும் என்பதால், இந்தக் குறை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடக்கூடும்.

சோதனைக்கு, கட்டளை வரியிலிருந்து இணையக் கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியின், எச்டிடிபி/3 ஆதரவுடன் உருவாக்கப்பட்ட பதிப்பே என் பரிந்துரை. அதில் 'எச்டிடிபி3' என்ற தெரிவைக் கொடுத்தால், இணைப்பு அமையாதபோது பழைய நெறிமுறைக்கு இறங்கிவிடும். 'எச்டிடிபி3-ஒன்லி' என்று கொடுத்தால் இறங்காமல் பிழையைக் காட்டும். சோதனையில் நமக்கு வேண்டியது அந்தப் பிழைதான். பிரவுசரில் பார்ப்பதானால், டெவலப்பர் கருவிகளின் நெட்வொர்க் பகுதியில் புரோட்டோகால் (நெறிமுறை) என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வருகையில் அங்கே எச்2 (அதாவது எச்டிடிபி/2) என்று இருந்தால் கவலை வேண்டாம். எச்டிடிபி/3 இங்கே கிடைக்கும் என்று சர்வர் தன் பதிலோடு அனுப்பும் ஆல்ட்-எஸ்விசி என்ற தலைப்புக் குறிப்பைப் படித்த பிறகே பொதுவாகப் பிரவுசர் எச்3க்கு மாறும்.

சில அலுவலக வைஃபைகள் யுடிபியைத் தடுத்துவிடுவதால், மொபைல் டேட்டாவிலும் ஒருமுறை சோதியுங்கள். உங்கள் தளத்துக்குப் பலனும் அங்கேதான் அதிகம்: சிக்னல் குறைந்த இடத்தில் ஒரு பாக்கெட் (தரவுத் துணுக்கு) தொலைந்தால், எச்டிடிபி/2இல் டைல்ஸ் படங்கள் அத்தனையும் காத்து நிற்கும், எச்டிடிபி/3இல் அந்தப் பாக்கெட்டுக்கு உரிய படம் மட்டுமே தாமதமாகும்.

முன்பு வந்த பிரவுசர், இணைப்பு முழுதாக அமையும் முன்பே கோரிக்கையை அனுப்ப விடும் ஜீரோ-ஆர்டிடி வசதியை இயக்கியிருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. அவ்வழியில் வரும் கோரிக்கையை வேறொருவர் பிடித்து மறுபடி அனுப்ப முடியும். ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாக இடமுண்டு. ஆர்டர் பதியும் கோரிக்கைகளை அவ்வழியில் ஏற்காமல் 425 (மிக முன்னதாக வந்துவிட்டது என்று பொருள்) என்ற விடையுடன் சர்வர் திருப்பி அனுப்புகிறதா என்பதை உறுதிசெய்த பின்பே அந்த வசதியை வாடிக்கையாளர்களுக்குத் திறந்துவிடுங்கள்.