புளித்த எண்ணெயும் நொதியமும்: கேள்வி பதில்

இலுப்பை, வேம்பு போன்ற புளித்துப்போன எண்ணெய்களில் நொதியம் (வேதிமாற்றத்தை விரைவாக்கும் உயிர்ப்புரதம்) கொண்டு பயோடீசல், அதாவது டீசலுக்குப் பதிலான எரிபொருள், எடுப்பது பற்றி வன்னி உறவுகள் கேட்டவையும் என் பதில்களும்.

ஒட்டுசுட்டானிலிருந்து: இலுப்பெண்ணெயில் மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் விட்டுக் கலக்கினோம் அண்ணை. கூழாகிப் போச்சு. ஏன்?

நீங்கள் காய்ச்சியது சவர்க்காரம், தம்பி. மரத்தடியில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த விதையை ஆட்டினால் எண்ணெயில் கொழுப்பமிலம் பிரிந்து நிற்கும். சோடா முதலில் அதைத்தான் பிடிக்கும். ஓரிரு வீதத்துக்கு மேல் அமிலம் இருந்தாலே சோடா முறை சரிவராது. இலுப்பெண்ணெயில் அது 20 வீதத்தைத் தொடுவதும் உண்டு. கொழுப்பில் வேலைசெய்யும் லைப்பேஸ் என்ற நொதியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்ணெயையும் பிரிந்த அமிலத்தையும் சேர்த்தே மெதனோலோடு இணைத்து எசுத்தராக்கிவிடும். அந்த எசுத்தர்தான் பயோடீசல். சோடாவுக்கு 60 பாகைச் சூடு வேண்டும், இதற்கு 30 முதல் 40 போதும். எங்கள் வெயிலுக்கு அடுப்பே மூட்டத் தேவையில்லை. ஆனால் சோடா ஒரு மணித்தியாலத்தில் முடிப்பதற்கு இது ஒரு நாள்கூட எடுக்கும்.

கிளிநொச்சி ஆசிரியை: மெதனோலை ஒரேயடியாக விடலாமா?

கூடாது ரீச்சர். எண்ணெயில் கரையாமல் நிற்கும் மெதனோல் நொதியத்தைக் கெடுத்துவிடும். 100 கிலோ எண்ணெய்க்குக் கணக்குப்படி 11 கிலோ மெதனோல். மூன்றாகப் பிரித்து, முதல் பங்கு முடிந்தபின் அடுத்ததை விடுங்கள். 1999 இல் யப்பானில் சிமாடா குழுவினர் காட்டிய வழி இது. அவர்கள் நொதியத்தைச் சிறு மணிகளில் ஒட்டவைத்து, வடித்தெடுத்துத் திரும்பத் திரும்பப் பாவித்தார்கள். மெதனோல் கண்பார்வையைப் பறிக்கும் நஞ்சு, எரியும்போது சுவாலை பகலில் தெரியாது. பிள்ளைகளை வைத்துச் செய்ய வேண்டாம்.

மாங்குளத்திலிருந்து: மண்ணெண்ணெயில் ஓடும் வாட்டர் பம்புக்கு இந்த பயோடீசலை விடலாமா?

வேண்டாம், அது பிளக்கின் தீப்பொறியில் எரியும் எஞ்சின், டீசல் எஞ்சின் அல்ல. டீசலில் ஓடும் லான்ட்மாஸ்டருக்கு (இருசில்லு உழவு இயந்திரம்) டீசலோடு கலந்து விடலாம். பழைய ரப்பர் குழாய் ஊதும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்தையன்கட்டிலிருந்து: ஒரு வீட்டுக்குக் கட்டுமா?

கட்டாது. நொதியம் விலை கூடியது, பலமுறை பாவித்தால்தான் காசு திரும்பும். சங்கமாகச் சேர்ந்தால் யோசிக்கலாம். அப்போதும் முதலில் எண்ணெயின் அமிலத்தை அளந்து பாருங்கள். பினோத்தலின் என்ற நிறங்காட்டி விட்டு இளஞ்சிவப்பு வரும்வரை காரம் சொட்டும் அதே பள்ளிக்கூடச் சோதனைதான். முடிவிலும் அளக்க வேண்டும், கொஞ்ச அமிலம் மிஞ்சியே தீரும்.

நெடுங்கேணி அம்மா: மில்லில் தவிடு புளித்து வீணாகிறதே?

அதைப் புளிக்க வைப்பதும் ஒரு லைப்பேஸ்தான் அம்மா, தவிட்டிலேயே இருப்பது. நெல் குற்றியதும் எண்ணெயை உடைக்கத் தொடங்கும், சில நாட்களிலேயே அமிலம் ஏறிவிடும். எண்ணெய் நல்ல எண்ணெய்தான், ஆனால் செக்கில் ஆட்டி எடுப்பது கடினம், கரைப்பான் ஆலை வேண்டும். புதுத் தவிடாகவே மாட்டுக்குப் போட்டுவிடுங்கள்.