நூறு வயதுத் துப்பாக்கிக்கு வைத்தியர்

கேள்வி: அமெரிக்காவில் கௌபாய் உடையணிந்து, பழங்காலத் துப்பாக்கிகளால் சுடும் போட்டிகள் நடக்கின்றனவாமே? அவற்றைப் பழுதுபார்க்க இன்றும் ஆள் உண்டா?

பதில்: உண்டு, அவர்கள் இல்லாவிட்டால் போட்டியே தள்ளாடிவிடும். 1980-களில் கலிபோர்னியாவில் தொடங்கிய இவ்விளையாட்டில் இரண்டு ரிவால்வர்கள், ஒரு ரைஃபிள், ஒரு ஷாட்கன் ஆகியவற்றால் சுட்டு முடிக்கும் நேரத்தை நொடிக்கணக்கில் அளக்கிறார்கள். பலர் விரும்பும் ஷாட்கன், ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897. பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற அதன் உற்பத்தி 1957-இல் நின்றுவிட்டதால், தேய்ந்த பாகத்துக்கு மாற்று தேடுவதே பெரும்பாடு.

சுடும் குழலுக்கு அடியிலுள்ள அதன் தோட்டாக் குழாயில் வரிசையாக நிற்கும் தோட்டாக்களை ஒவ்வொன்றாக விடுவிக்கும் சிறு தடுப்புத் தகடு தேய்ந்துபோனால், இரண்டு தோட்டாக்கள் ஒருசேர வந்து சிக்கிக்கொள்ளும். கைதேர்ந்த கம்மியர் வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களை இட்டு, அடுத்த தோட்டாவை ஏற்ற முன்னும் பின்னும் நகர்த்தும் முன்கட்டையை மெதுவாக இழுத்துத் தள்ளி, எங்கே உரசுகிறது என்று விரலாலேயே உணர்ந்த பிறகுதான் அரத்தை எடுப்பார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மீண்டும் சோதிப்பார், ஏனெனில் அராவிய இரும்பு திரும்பி வராது. தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலைப் பாதிவழியில் பிடித்து நிறுத்தும் சிறு வெட்டுப்பள்ளமே இத்துப்பாக்கியின் பாதுகாப்பு என்பதால், அதை மட்டும் எவ்வளவு அவசரமானாலும் பார்க்காமல் விடமாட்டார். பழைய மரக்கட்டையைப் பளபளப்பாக்காமல் அப்படியே திருப்பித் தருபவரே என் கணக்கில் உயர்ந்த கலைஞர்.