‘முன்பணம் திரும்பாது’ என்று ரசீதில் அச்சடித்தால் போதுமா?

கேள்வி: ஐயா, புது கார் வாங்க ஷோரூமில் முன்பணம் கட்டி புக் செய்தேன். விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டார்கள். ஆறு வாரத்தில் வண்டி கைக்கு வந்துவிடும் என்று விற்பனைப் பிரதிநிதி வாட்ஸ்அப்பில் எழுதினார். நான்கு மாதம் ஓடிவிட்டது. இப்போது விலை ஏறிவிட்டதாம், புது விலையைக் கட்டினால்தான் வண்டி என்கிறார்கள். காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும், ஆக்சஸரீஸ் தொகுப்பையும் சேர்த்து வாங்க வேண்டும் என்றும் நிபந்தனை போடுகிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதின் பின்பக்கம் இருப்பதைக் காட்டுகிறார் மேலாளர். போனால் போகிறது என்று பாதி தருகிறாராம், அதற்கும் ஒரு ரத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். பாதியாவது வரட்டும் என்று வாங்கிக்கொள்ளலாமா? இதற்கிடையில் வேறு ஷோரூமில் கார் எடுத்தால் என் வழக்கு கெட்டுவிடுமா?

பதில்: முதலில் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இப்படிப்பட்ட படிவங்களில் பெரும்பாலும் இரண்டு வரிகள் இருக்கும். ‘சொந்தக் காரணங்களுக்காக முன்பதிவை ரத்து செய்கிறேன்’ என்பது ஒன்று. ‘எனக்குச் சேர வேண்டியதைப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்பது மற்றொன்று. முதல் வரி தவறை உங்கள் தலையில் கட்டுகிறது. இரண்டாவது வரி மீதிப் பணத்துக்கான கதவை அடைக்கிறது. நாளைக்கு நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் நீட்டப்போகும் தாள் அதுதான். பணத்தேவை நெருக்கி, பாதியை வாங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், ‘மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் இதைப் பெறுகிறேன்’ என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திடுங்கள். அன்றைக்கே அதையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

இனி அந்த ரசீதின் பின்பக்க வரிக்கு வருவோம். அது அச்சில் இருப்பதாலேயே சட்டமாகிவிடாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74 சொல்வது இதுதான்: ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதியிருப்பது உச்சவரம்பு மட்டுமே.

இதில் உச்ச நீதிமன்றம் 1969இல் தந்த மௌலா பக்ஸ் தீர்ப்பை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் கோழி, முட்டை, மீனும் சப்ளை செய்ய ஒப்புக்கொண்டவர் ஒழுங்காகச் சப்ளை செய்யவில்லை. அவர் கட்டியிருந்த 10,000 ரூபாய், 8,500 ரூபாய் வைப்புத்தொகைகளை அரசு பறிமுதல் செய்தது. தவறு அவருடையதுதான், ஒப்பந்தத்திலும் பறிமுதல் ஷரத்து இருந்தது. ஆனாலும் பணத்தைத் திருப்பித் தரும்படி தீர்ப்பானது. சப்ளை வராததால் வெளியே வாங்க எவ்வளவு கூடுதலாகச் செலவானது என்று அரசு எளிதாகக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை என்பதே காரணம். அதே தீர்ப்பில், நியாயமான அளவுள்ள அச்சாரத் தொகையைப் பறிமுதல் செய்வது தண்டனையாகாது என்றும் நீதிமன்றம் சொன்னது. 2015இல் கைலாஷ்நாத் வழக்கில் இதை இன்னும் தெளிவாக்கினார்கள்: ஒப்பந்தத்தின் கீழ் அச்சாரத்தைப் பறிமுதல் செய்தாலும் பிரிவு 74 பொருந்தும், எதிர்த்தரப்புக்கு இழப்பே இல்லையென்றால் இழப்பீடும் இல்லை.

மௌலா பக்ஸ், பணம் கட்டியவரே தவறு செய்த கதை. நீங்கள் தவறே செய்யவில்லை! சொன்ன நேரத்தில் வண்டி தராதவர்கள் அவர்கள், பேசியதற்கு மேல் புது நிபந்தனை போட்டவர்களும் அவர்கள். ஒருவர் தன் பங்கை நிறைவேற்ற மறுத்தால் மற்றவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 39. அப்படி முடிந்தால் வாங்கிய பயனைத் திருப்பித் தர வேண்டும் என்பது பிரிவு 64, 65இன் சாரம். ‘எக்காரணம் கொண்டும்’ என்ற சொல்லுக்குள் தங்கள் சொந்தத் தவறையும் அடைத்துக்கொள்ள முடியாது.

ஷோரூம் சும்மா இருக்காது. தேதி உத்தேசமானது என்பார்கள். புக்கிங் படிவத்தைப் பார்த்தால் அநேகமாக அப்படித்தான் இருக்கும். ஆறு வாரம் நான்கு மாதமானதை உத்தேசம் என்ற சொல்லால் மூடிவிட முடியாது. தேதியே இல்லாத ஒப்பந்தத்திலும் நியாயமான காலத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். பிரதிநிதியின் வாட்ஸ்அப் செய்தி இங்கேதான் தங்கமாகிறது. முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய எண் தெரியும்படி படமும் எடுங்கள், வழக்கு முடியும்வரை அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய சட்டத்தின் (பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்தது) பிரிவு 63படி ஒரு சான்றும் இணைப்பது நல்லது.

‘டெலிவரி அன்றைய விலைதான் பொருந்தும்’ என்ற ஷரத்தையும் காட்டுவார்கள். இதில் உங்களிடம் ஒளிவுமறைவாகப் பேச விரும்பவில்லை, உங்கள் வழக்கில் பலவீனமான இடம் இது. சொன்ன காலத்துக்குள் வண்டி வந்து, நடுவில் விலை ஏறியிருந்தால் அந்த ஷரத்து பெரும்பாலும் நிற்கும். ஆனால் ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டித் தாமதம் செய்து, அதனால் வாங்குபவருக்கு விலை ஏறினால், அதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் பிரிவு 2(41) ‘கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை’ என்றே வகைப்படுத்துகிறது. ஆகவே உங்கள் விஷயத்தில் முதலில் நிலைநாட்ட வேண்டியது தாமதம். அது நின்றுவிட்டால் விலை ஷரத்தின் பிடி தளரும். விலை ஏறிய தேதி ஆறு வாரத்துக்குப் பிறகா என்று பார்த்து, அதைக் கடிதத்தில் எழுதுங்கள்.

ஒன்றை வாங்க இன்னொன்றைக் கட்டாயப்படுத்துவதும் அதே பிரிவுக்குள் வருகிறது. காப்பீடு கட்டாயம்தான், எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். ஆக்சஸரீஸ் கட்டாயமே இல்லை. இந்த நிபந்தனையைப் பெரும்பாலும் வாயால்தான் சொல்வார்கள், எழுத்தில் தர மாட்டார்கள். ‘நேற்று நீங்கள் சொன்னபடி, இவற்றை வாங்காவிட்டால் வண்டி கிடையாது என்பது சரிதானா?’ என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுக்காமல் விட்டால் அதுவும் உங்களுக்குப் பயன்படும்.

வாசகர்கள் எல்லோரும் உங்கள் நிலையில் இருக்க மாட்டார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நேரத்துக்குத் தயாராகி, வேறு மாடல் பிடித்துப்போனதால் ஒருவர் பின்வாங்கினால், நியாயமான ஒரு தொகையை ஷோரூம் பிடித்துக்கொள்ள இடமுண்டு. அவர் கேட்டதற்காகவே அபூர்வமான நிறத்தில் வரவழைத்த வண்டி என்றால் அந்தத் தொகை கூடலாம். அடுத்த வாரமே இன்னொருவருக்கு விற்றுவிட்ட வண்டிக்கு முழு முன்பணத்தையும் விழுங்குவது நியாயமில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஒரே ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள்: புக் செய்த தேதி, கட்டிய தொகை, ரசீது எண், சொன்ன ஆறு வாரம், இன்றைய நிலை. ‘15 நாளுக்குள், பேசிய விலையில், கூடுதல் நிபந்தனை இல்லாமல் வண்டியைத் தாருங்கள், இல்லையேல் முன்பதிவு ரத்தானதாகக் கருதி முழுத் தொகையையும் வட்டியுடன் திருப்பித் தாருங்கள்’ என்று முடியுங்கள். கோபத்தைக் காட்டும் வரி ஒன்றுகூட வேண்டாம். மின்னஞ்சலிலும், ஒப்புகையுடன் தபாலிலும் அனுப்பி, கார் தயாரிப்பு நிறுவனத்துக்கும் ஒரு பிரதி போடுங்கள். ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நிறுவனத்தின் இணையதளம் வழியாகப் பணம் போயிருந்தால் அவர்களும் எதிர்த்தரப்பு. ஷோரூம் கணக்குக்குப் போயிருந்தால் ஷோரூம்தான் பிரதான பொறுப்பாளி. பிரதிநிதியின் சொந்த யுபிஐ எண்ணுக்குப் போயிருந்தால் விஷயமே வேறு, அப்போது காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டியிருக்கும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். கட்டணம் இல்லை. அந்த அழைப்பைப் பார்த்தே இறங்கிவரும் ஷோரூம்கள் உண்டு. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் தாக்கல் கட்டணமும் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

மனு எழுதும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் அதில் விழுகிறார்கள். ‘இந்த ஷரத்து நியாயமற்ற ஒப்பந்தம், அதைச் செல்லாது என்று அறிவியுங்கள்’ என்பதையே பிரதான கோரிக்கையாக வைத்தால், நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான் என்று மனுவைத் தட்டிவிட முடியும். ஆகவே சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை, கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்றே புகாரை அமையுங்கள். கேட்பது பணம் திரும்ப வருவது, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் இழப்பீடு. காரை நிறுவனப் பெயரில் வணிகத்துக்காக புக் செய்திருந்தால் நுகர்வோர் என்ற தகுதியே கேள்விக்குள்ளாகும், அப்படியானால் நேரில் வாருங்கள், வேறு வழியைப் பேசலாம். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று மேலாளர் சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்தக் கெடு நீளாது.

வேறு ஷோரூமில் கார் வாங்குவதால் வழக்கு கெடாது, வரிசை மட்டும் முக்கியம். மேலே சொன்ன கடிதம் முதலில் போகட்டும், 15 நாள் முடியட்டும், அதன் பிறகு புக் செய்யுங்கள். முந்திக்கொண்டு வாங்கினால், ‘இவருக்கு வேறு கார் பிடித்துப்போய்விட்டது, அதனால்தான் ரத்து’ என்று திருப்புவார்கள். புதிய காரின் விலைப்பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள். அதே மாடலைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க நேர்ந்தால், அந்த வித்தியாசத்தையும் இழப்பீட்டில் சேர்த்துக் கேட்கலாம்.