கொழிஞ்சாம்பாறை பார்க்ல வச்ச கன்னுங்க காயுது, என்ன பண்ண?

தம்பி, தினமும் பசங்க ஆளுக்கு ஒரு மக் தண்ணி ஊத்தியும் புங்கன், நாவல் எல்லாம் இலை கருகுதுன்னு எழுதியிருந்தீங்க. நான் சித்தூர் பக்கம்தான், நம்ம ஊருக்கு ஜனவரி பிப்ரவரில பாலக்காட்டு கணவாய் வழியா கிழக்கேருந்து வர்ற காத்து இருக்கே, அது ஈரத்தை உறிஞ்சிடும், ஒரு மக் தண்ணி மேல் மண்ணை நனைக்கிறதோட சரி, வேரும் மேலயே நின்னுடும். அதனால வாரம் ரெண்டு தடவை, கன்னுக்கு ஒரு குடம், மெதுவா ஊத்தச் சொல்லுங்க.

புல்லைப் புடுங்கிட்டு காஞ்ச சருகு, தென்னை மட்டை வச்சு நாலு விரக்கடை உயரத்துக்கு மூடாக்கு போடுங்க, ஆனா தண்டை ஒட்டி வேணாம், அழுகும், கரையான் வரும்.

முக்கியமா தண்டோட அடியைப் பாருங்க. புல்லு வெட்டுற மெஷின் பட்டு சுத்தி பட்டை உரிஞ்சிருந்தா எவ்ளோ தண்ணி ஊத்தியும் கஷ்டம்தான், எங்க பக்கம் நல்லா வந்த மருத மரக்கன்னு ரெண்டு அப்படித்தான் போச்சு, இன்னும் மனசு ஆறல.

இலை கொட்டினதைப் பாத்து புடுங்கிடாதீங்க! தண்டுப் பட்டையை நகத்தால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள பச்சையா இருந்தா உசுரு இருக்கு. ஏப்ரல் மே லீவுல யாரு தண்ணி ஊத்துறதுன்னு பக்கத்துல குடியிருக்கிற பசங்களா பாத்து இப்பவே பிரிச்சு விட்டுருங்க, ஜூன் மழை வர்ற வரைக்கும்.